வெளியுறை தாங்கும் நேரம்

பெருங்களத்தூர் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வேகமாகப் போகும் கார் எதிலாவது மோதினால், ஓட்டுபவரின் உடம்பு சட்டென்று நின்றுவிடும். நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனி அப்படி ஒரேயடியாக நிற்காது. அதன் வளைவு முன்னால் பாயும். முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பகுதி அசையாது. இரண்டும் சேரும் இடத்தில், இடக்கைக்கான தமனி பிரிவதற்குச் சற்றுக் கீழே, ஒரு சிறு நார் தமனியை இழுத்துப் பிடித்திருக்கிறது. கருவிலிருந்தபோது நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிட்ட குழாயின் மிச்சம் அது. கிழிசல் பெரும்பாலும் அங்கேதான்.

மருத்துவர் பார்ம்லியும் கூட்டாளிகளும் 1958இல் வெளியிட்ட ஆய்வில், பெருந்தமனி கிழிந்த 275 பேரில், உடனடிச் சாவுக்குத் தப்பியவர்கள் ஏறக்குறைய ஏழில் ஒருவர்தான். அப்படித் தப்பவைப்பது தமனிச் சுவரின் வெளியுறை. உள்ளுறையும் நடுவுறையும் கிழிந்தபின், தேய்ந்த டயரில் ட்யூப் புடைப்பதுபோல அது புடைத்து, ஒவ்வொரு துடிப்பையும் தாங்குகிறது. நான் வியந்து தீராதது இதைத்தான்.

காசநோய்க்கென 1928இல் சானடோரியம் கண்ட, பெருங்களத்தூரை அடுத்த தாம்பரத்துக்கு மார்பு எக்ஸ்ரே புதிதல்ல. அதே படத்தில் இங்கே தேட வேண்டியவை வேறு: நெஞ்சின் நடுநிழல் அகன்றிருக்கிறதா, தமனி வளைவின் விளிம்பு மங்கியிருக்கிறதா, மூக்கு வழியே இரைப்பைக்குப் போட்ட குழாய் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறதா? கசிந்த ரத்தம் உணவுக்குழாயைத் தள்ளியிருக்கும் என்று அந்தச் சிறு விலகலிலிருந்து ஊகிப்பது எவ்வளவு நுட்பம்! ஆனால் எக்ஸ்ரே சரியாகத் தெரிந்தும் காயம் இருக்கலாம். உறுதி செய்வது சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான்.

சிகிச்சையின் அழகு அவசரப்படாததில் இருக்கிறது. தமனி வெடித்திருந்தால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. வெளியுறை தாங்கினால், எஸ்மொலால் போன்ற மருந்தால் நாடித்துடிப்பை நூறுக்குக் கீழும், ரத்த அழுத்தத்தை 120க்குள்ளும் அடக்கி, மண்ணீரல் கசிவையோ தலைக்காயத்தையோ முதலில் கவனிப்பார்கள். பிறகு தொடைத் தமனி வழியாக, மடக்கிய துணிக்குழாய் ஒன்றை ஏற்றிக் கிழிசலுக்கு நேரே விரிப்பார்கள், நெஞ்சைத் திறப்பதில்லை. மார்புத் தமனியில் இதை முதலில் செய்தவர் வலோதஸ், 1987இல், கார்கிவ் நகரில். அந்த நோயாளிக்கும் காயத்தால் வந்த புடைப்புதான்.

ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்திருந்தால், மேலே காயமில்லை என்று வீட்டுக்குப் போகாதீர்கள். 108ஐ அழையுங்கள், இடித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து ஏற்று வருகிறது.