ஒலிக் கால நீட்சி மென்பொருள்கள்: ஒரு மதிப்பீடு

கால நீட்சி என்பது ஓர் ஒலிப்பதிவின் சுருதியை மாற்றாமல் அதன் நீளத்தை மட்டும் கூட்டுவது அல்லது குறைப்பது ஆகும். பழைய நாடாப் பதிவுக் கருவியில் நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் பாட்டு இருமடங்கு நீளும், சுருதியும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். இவ்விரண்டையும் பிரிப்பதே இம்மென்பொருள்களின் வேலை. இவற்றுள் பல தம்மை 'உயர்தரம்' என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. எந்த ஒலிக்கு, எவ்வளவு நீட்சிக்கு என்று சொல்லாதவரை அந்தச் சொல்லை நம்பி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நீட்சி முறைகள் பெரும்பாலும் இரு குடும்பங்களைச் சேர்ந்தவை. முதலாவது, ஒலியலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடம் பார்த்து ஒட்டுவது. 1993இல் வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் ஆகியோர் வெளியிட்ட முறை இவ்வகை. ஒல்லி பார்வியாய்னென் எழுதிய சவுண்ட்டச் நிரலகமும் இக்குடும்பமே. தனிக்குரலுக்கும் தனிக் கருவிக்கும் இது நன்றாகப் பொருந்தும். பல கருவிகள் சேர்ந்து ஒலித்தால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒட்டிடம் கிடைக்காது, ஒலி திக்கும். இரண்டாவது, 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் விவரித்த பேஸ் வோகோடர். இது ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்து நீட்டி மீண்டும் சேர்க்கிறது. நீண்டு ஒலிக்கும் சுரங்களுக்கு இது ஏற்றது. தாள வாத்தியத்தின் அடி மட்டும் கலங்கிவிடும், குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இதன் காரணம் எளிய கணக்குதான். நொடிக்கு 44,100 மாதிரிகள் உள்ள பதிவில் 2,048 மாதிரிகளை ஒரு சாளரமாக எடுத்தால் அதன் நீளம் சுமார் 46 மில்லி நொடி, அதிர்வெண் இடைவெளி சுமார் 21.5 ஹெர்ட்ஸ். சாளரத்தை இரட்டிப்பாக்கினால் இடைவெளி 10.8 ஆகக் குறைந்து தாழ்ந்த சுரங்கள் தெளிவாகப் பிரியும், ஆனால் நேரம் 93 மில்லி நொடியாகும். மிருதங்க அடியின் தொடக்கம் அதில் கரைந்துபோகும். ஒன்றைக் கூர்மையாக்கினால் மற்றொன்று மழுங்கும். எந்த நிறுவனமும் இதை நீக்கவில்லை, மறைப்பதில்தான் திறமை வேறுபடுகிறது.

அப்படி மறைப்பதில் ரப்பர் பேண்ட் நிரலகம் குறிப்பிடத்தக்கது. 2022இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பிலுள்ள புதிய இயந்திரம் வெவ்வேறு அதிர்வெண் பகுதிகளுக்கு வெவ்வேறு சாளர நீளங்களைக் கையாள்கிறது. கணினிக்கு வேலை அதிகம், பலன் காதுக்குத் தெரிகிறது. இது கட்டற்ற மென்பொருள் என்பதால் பணம் கட்டாமலே சோதிக்கலாம். பெர்லினைச் சேர்ந்த இசட்பிளேனின் எலாஸ்டிக் பல வணிக மென்பொருள்களுக்குள் இருக்கிறது. ரீப்பரில் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி நீட்சி முறையைத் தேர்ந்து ஒப்பிடலாம். ஒப்பீடு செய்ய விரும்புவோருக்கு இதைவிட வசதி வேறில்லை.

ஆடாசிட்டி பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். அதன் வேக மாற்ற விளைவில் வழக்கமாக இயங்குவது சவுண்ட்டச். 'உயர்தர நீட்சி' என்ற பெட்டியைக் குறியிட்டால் வேறொரு முறை இயங்கும். அது நீளொலிகளுக்கு மேம்பட்டதே, தாள அடிகளை மட்டும் மென்மையாக்கிவிடும். பெட்டியின் பெயரைப் பார்த்து எல்லாவற்றுக்கும் அதையே குறியிடுவது தவறு. பால்ஸ்ட்ரெச் முற்றிலும் வேறு நோக்கம் உடையது. சில நொடிகளைப் பல நிமிடங்களாக்கி ஒலிப் பரப்பாக விரிக்க அது உதவும், வேகத்தைத் திருத்த உதவாது. (1980களின் இறுதியில் வந்த அகாய் சாம்ப்ளர்களின் கரகரப்பான நீட்சியை ஜங்கிள் இசைக்கலைஞர்கள் விரும்பியே பயன்படுத்தினார்கள். குறையும் சிலருக்குச் சுவையாகும்.)

கர்நாடக இசை மாணவர்கள் சுரப்படுத்துவதற்காகப் பதிவுகளை மெதுவாக்குவதுண்டு. இங்கே தவறான தேர்வு பாடத்தையே மாற்றிவிடும். நொடிக்கு ஐந்து முறை அசையும் கமகத்தில் ஓர் அசைவுக்கு 200 மில்லி நொடி. 93 மில்லி நொடி சாளரத்துக்குள் ஏறக்குறைய அரை அசைவு அடங்கிவிடுவதால் நகரும் சுருதி ஒரு பட்டையாகக் கலங்கும். இல்லாத சுரத்தை மாணவர் எழுதிக்கொள்ளக்கூடும். தனிக்குரல் அல்லது தனி வீணைப் பதிவுக்கு முதல் குடும்பத்து முறையே நம்பகமானது.

வாங்குமுன் மூன்று துண்டுகளால் சோதிக்கலாம்: தனிக்குரல், தனித் தாளம், முழுக் கச்சேரி. ஐந்து விழுக்காட்டு மாற்றத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் நன்றாகவே ஒலிக்கும், வேறுபாடு தெரிவது இருமடங்கு நீட்சியில்தான். இடது, வலது தடங்களைப் பிரித்துத் தனித்தனியே நீட்டக் கூடாது. அப்படிச் செய்தால் கருவிகள் நின்ற இடம் குலையும். நீட்டியதை மறுபடி நீட்டினால் கலக்கமும் கூடும் என்பதால், வேகத்தை 120இலிருந்து 110ஆக்கிய பின் 100 தேவைப்பட்டால் மூலக் கோப்பைத் திறந்து அங்கிருந்தே 100க்குக் கொண்டுவர வேண்டும்.