கடலுக்கு ஒரு பேரேடு

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்கு அடியில் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்குத் திடீரென்று ஆசை வந்தால், எந்தக் கதவைத் தட்டுவீர்கள்?

கதவுகளுக்குப் பஞ்சமே இல்லை சார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1971-ல் கொச்சிக்கு இடம் மாறும்வரை அதன் தலைமையகமே அங்கேதான் இருந்தது. அதே ஊரில், பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை. தூத்துக்குடிப் பக்கம் மீன்வளக் கல்லூரி, சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். மதுரையிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் பல்கலைக்கழகக்காரர்கள். எல்லோருக்கும் மேலே, தீவுகளுக்குச் சாவி வைத்திருக்கும் வனத்துறை. 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டரை உயிர்க்கோளக் காப்பகம் என்றார்கள். 2001-ல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஆராய்ச்சியும் நேற்று முளைத்ததல்ல. குருசடைத் தீவில் எந்தெந்த உயிர்கள் இருக்கின்றன என்று சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனிப் புத்தகம் போட்டிருக்கிறது. நூறு வருஷம் ஆகப்போகிறது!

நான் படித்தது பி.காம். பவளத்துக்கும் பாசிக்கும் வித்தியாசம் சொல்லச் சொன்னால் முழிப்பேன். ஆனால் எங்களுக்கு முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அன்றாட நடவடிக்கையைக் குறிப்பேட்டில் எழுதினால் போதாது. அதைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றாத வரைக்கும், ஆயிரம் பக்கம் எழுதியிருந்தாலும் கடை லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்திலா என்று முதலாளிக்கே தெரியாது. மன்னார் வளைகுடாவில் குறிப்பேடுகள் மலை மாதிரி இருக்கின்றன. எல்லோரும் எழுதியதைச் சேர்த்து ஏற்றிய ஒரு பேரேடு எங்கே?

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 'பெப்சி பாசி' கதையே போதும்.

கப்பாபைகஸ் என்பது அதன் நிஜப் பெயர். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. ஐஸ்கிரீமும் பற்பசையும் குழகுழவென்று இருப்பதற்கான சரக்கு இதிலிருந்து கிடைக்கிறது. 90-களில் மண்டபத்தில் உப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதை வளர்த்துப் பார்த்தது. நன்றாக வளர்ந்தது. 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி இதில் இறங்க, கரையோரப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்த்தார்கள். பாசிக்குக் கம்பெனி பெயரே ஒட்டிக்கொண்டது. கையில் காசு வந்தது. அதைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பாக் நீரிணைப் பக்கம் வளர்த்துக்கொள்ளலாம், தேசியப் பூங்கா இருக்கும் பக்கம் கூடாது. நல்ல ஆணைதான். என்ன, பாம்பன் பாலத்துக்கு அடியில் இரண்டு கடல் தண்ணீரும் போய்வந்து கொண்டிருக்கிறது. பாசிக்கு அரசாணை வாசிக்கத் தெரியாது.

2008-ல் மதுரை ஆய்வாளர்கள் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்: குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளத்தின் மேல் ஏறி மூடிக்கொண்டிருக்கிறது. அட, அப்படியா என்று எல்லோரும் ஒன்றாகக் குதித்துப் போய்ப் பார்த்திருக்க வேண்டாமா? நடந்தது பட்டிமன்றம். பாசியைக் கொண்டுவந்த நிறுவனத்து விஞ்ஞானிகள் தாங்களே போய் அளந்து, 'ரொம்பச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை' என்கிற ரீதியில் 2010-ல் எழுதினார்கள். தூத்துக்குடி ஆய்வாளர்களோ குருசடையோடு சிங்கிள் தீவு, முல்லித் தீவு என்று கணக்கைக் கூட்டினார்கள். பிறகு வனத்துறை ஆள் வைத்துக் கையாலேயே பிடுங்கிப்போட ஆரம்பித்தது.

இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. விஞ்ஞானிகள் சண்டை போடட்டும், அது அவர்கள் தொழில். என் கேள்வி கணக்குப்பிள்ளைக் கேள்வி. ஒரு வெளியூர்ப் பாசியைக் கொண்டுவருகிறவரே, 'அது ஊரைக் கெடுக்கவில்லை' என்றும் சான்றிதழ் கொடுக்கலாமா? எங்கள் ஊர் மளிகைக் கடையில்கூடக் கல்லாவில் உட்காருகிறவர் வேறு, கணக்கைச் சரிபார்க்கிறவர் வேறு!

வேடிக்கை என்னவென்றால், எல்லாரையும் ஒருங்கிணைக்கவென்றே ஓர் அமைப்பு அப்போது இருந்தது. மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை. உலகச் சுற்றுச்சூழல் நிதியம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்று வெளிநாட்டுப் பணமும் வந்தது. கடலோரக் கிராமங்களில் குழுக்கள் அமைத்தார்கள், சுழல்நிதி கொடுத்தார்கள், உருப்படியான வேலைகள் நடந்தன. பாசிச் சண்டையும் அதே காலத்தில்தான் நடந்தது. நடுவில் உட்கார்ந்து, 'இரண்டு கோஷ்டியும் ஒரே படகில் ஏறுங்கள், ஒரே கயிற்றால் அளங்கள்' என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதுதான் நடக்கவில்லை.

ஒரே ஆள், ஒரே இடத்தை, ஒரே முறையில், வருஷா வருஷம் அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இங்கேயே சாட்சி இருக்கிறது. 2016-ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 சதவிகிதத்திலிருந்து 22.7 சதவிகிதமாக விழுந்தது என்று தூத்துக்குடி நிறுவனத்தால் சொல்ல முடிந்தது. ஏன் முடிந்தது? 2003 வாக்கிலேயே ஆரம்ப இருப்பை எழுதிவைத்து, விடாமல் தொடர்ந்ததால். ஆரம்ப இருப்பு தெரியாமல் நஷ்டம் எப்படிப் போடுவது?

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள்? ஹவாய்க்கு வடமேற்கே பாப்பஹானௌமோகுவாகேயா என்று ஒரு கடல் காப்பகம். (வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.) 2006-ல் அறிவித்தது, 2016-ல் விரிவாக்கியபின் பரப்பு சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கேயும் துறைகள் பல. மத்தியில் இரண்டு, ஹவாய் மாகாண அரசு, 2017 முதல் பூர்வகுடி ஹவாய் மக்களுக்கான அலுவலகமும். ஆனால் ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு அனுமதிச் சீட்டு ஒன்றே ஒன்று. எல்லோரும் கூடிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். என்ன செய்தாய் என்று திரும்பி வந்து அறிக்கை கொடுத்தாக வேண்டும். தீவில் காலை வைக்குமுன் துணிமணிகளை 48 மணி நேரம் உறைபனிப் பெட்டியில் வைக்க வேண்டும், ஒரு விதையோ பூச்சியோ கூடவே வந்துவிடக்கூடாதாம்.

இத்தனை கெடுபிடிக்குப் பிறகும் அங்கே ஒரு பாசி வந்து பவளத்தை மூடியது! 2016-ல் கண்ணில் பட்டது. 2019-ல் பாய் விரித்த மாதிரி பரவிக் கிடந்தது. 2020-ல் அது புது இனம் என்று பெயர் வைத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று இன்னும் தேடுகிறார்கள். ஆக, ஒற்றைச் சீட்டு மந்திரக்கோல் அல்ல. ஆனால் பரவலை யாரும் 'இல்லை' என்று மறுத்துக்கொண்டு நிற்கவில்லை.

அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே ஒட்டவும் முடியாது. அங்கே மீனவக் கிராமம் கிடையாது. இங்கே கரை நெடுக ஜனம். ஆராய்ச்சிக்காரர் அனுமதி வாங்கிப் போய்வரும் தீவுகளில், தலைமுறையாக முழுகி மரிக்கொழுந்துப் பாசி எடுத்த பெண்கள் கால் வைத்தால் குற்றம். அந்தப் பெண்கள் தாங்களாகவே மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி என்கிற சர்வதேசப் பரிசே கிடைத்தது. எந்தப் பாறையில் எந்த மாதம் பாசி தழையும் என்று அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டிலாவது ஏறியிருக்கிறதா?

அதே 2001-ல்தான் கடல் அட்டை பிடிக்கத் தடை வந்தது. அட்டை எவ்வளவு இருந்தது, தடைக்குப் பிறகு எவ்வளவு கூடியது என்று கேட்கிற மீனவருக்குக் காட்ட ஒரு பக்கக் கணக்கு வேண்டாமா? காட்டாமல் கைது மட்டும் செய்துகொண்டிருந்தால், அவர் எப்படி நம்புவார்?

இப்போது மறுபடியும் பாசிக் காலம். 2021 பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா அறிவித்தார்கள். 2023-ல் ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் அடிக்கல் நாட்டினார்கள். வேலை கிடைக்கட்டும், சந்தோஷம். ஆனால் இந்தத் தடவையாவது முதல் கயிறு கட்டுமுன் ஆரம்ப இருப்பை எழுதிவிடுங்கள். அளப்பவர் வளர்ப்பவராக இருக்க வேண்டாம். தீவுக்குப் போக வனத்துறை கொடுக்கும் அனுமதிப் படிவத்தில் இன்னும் இரண்டே வரி சேருங்கள். எடுத்த கணக்கின் நகலை, இத்தனை மாதத்துக்குள், எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவருக்கு அடுத்த அனுமதி இல்லை. கூடவே அதன் சுருக்கம், தமிழில், ஒரே ஒரு தாள், பாம்பன் ஊராட்சி மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பசைக்கு ஆகும் செலவை வேண்டுமானால் நான் கொடுத்துவிடுகிறேன்.