பட்டமும் பசியும்: இரு திரைப்படங்கள் பற்றிய ஒரு நோக்கு

சென்ற ஆண்டு எமது பாடசாலைத் தமிழ் மன்றத்தின் சார்பில், உயர்தர வகுப்பு மாணவருக்குக் கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' என்னும் திரைப்படத்தைக் காட்டினோம். படம் முடிந்தபின் வழக்கம்போலக் கருத்துரைகள் இடம்பெற்றன. பாரதி பாடல்கள் கையாளப்பட்ட முறையை ஒருவர் வியந்தார்; கமல்ஹாசனின் நடிப்பை இன்னொருவர் பாராட்டினார். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அவருக்குக் கடைசியிலை ஒரு வேலை கிடைச்சிட்டுதுதானே. பிறகேன் தகப்பன் இடிஞ்சுபோய் நிக்கிறார்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நான் கூறிய பதில் எனக்கே திருப்தி தருவதாயில்லை. பின்னர் சிந்தித்தபொழுது, வேலையற்ற பட்டதாரியைப் பொருளாகக் கொண்ட கலைப்படைப்புக்களை எவ்வாறு மதிப்பிடுவது என்ற பெரியதொரு பிரச்சினை அவ்வெளிய வினாவினுள் அடங்கியிருக்கக் கண்டேன். 1980ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தமிழ்ப் படத்தையும், 1976ஆம் ஆண்டில் வெளிவந்த சத்யஜித் ரேயின் 'ஜன அரண்ய' என்னும் வங்காளப் படத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவதன்மூலம் அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

இப்பிரச்சினை நமக்குப் புறம்பானதன்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழியைச் சோம்பேறிகளின் வாக்கு என்று நகையாடுவோர் உளர். அப்பழமொழிக்கு ஒரு வரலாறு உண்டு. நீரற்ற மண்ணில் சிறு காணித்துண்டுகளை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்துக்குக் குடியேற்ற ஆட்சி திறந்துவிட்ட வாயில்களில் முக்கியமானது எழுதுவினைஞர் உத்தியோகமாகும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களில் சுயமொழியிற் கற்றுப் பட்டம் பெற்றோர் பெருந்தொகையாக வெளிவந்தனர். நாட்டின் பொருளாதாரமோ தேயிலை, இறப்பர், தெங்கு என்ற பழைய தடத்திலேயே பெரும்பாலும் தங்கிநின்றது. கல்வி வளர்ந்த வேகத்தில் உற்பத்தி வளரவில்லை. 1971 ஏப்பிரலில் தென்னிலங்கைக் கிராமங்களின் படித்த இளைஞர் ஆயுதமேந்தி எழுந்தமைக்கும், அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் குழு வேலையின்மையை ஆராய்ந்தமைக்கும் பின்னணி இதுவே.

அக்குழுவின் அறிக்கை, வேலைவாய்ப்புக்கும் எதிர்பார்ப்புக்கும் இடையிலான பொருத்தமின்மையை எடுத்துக்காட்டிற்று. அதன்பின் 'எதிர்பார்ப்பு' என்ற சொல் நமது மேடைகளில் பெற்ற வாழ்வு விசித்திரமானது. இளைஞர் தமது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளவேண்டும், எத்தொழிலையும் செய்ய முன்வரவேண்டும், எல்லாத் தொழிலும் மகத்தானவையே என்று உபதேசிப்பது எளிதாயிற்று. உபதேசிப்போர் தம் பிள்ளைகளுக்கு இந்த மகத்துவத்தைத் தேடுவதில்லை என்பதை மாத்திரம் எவரும் கேட்பதில்லை. 'வறுமையின் நிறம் சிவப்பு' இவ்வுபதேசத்துக்கு எவ்வளவு தூரம் துணைபோகின்றது என்பதே முதலிற் கவனிக்கத்தக்கது.

அப்படத்தின் சிறப்புக்களைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. கனவுத் தொழிற்சாலையாக விளங்கிய தமிழ்ச் சினிமாவில், பசியைப் பசியாகவே காட்டிய படம் அது. டில்லி நகரின் ஓர் அறையில் நண்பர்களுடன் காலங்கழிக்கும் ரங்கன் தத்துவம் கற்றவன். பாரதியை நாவில் ஏந்தியவன். வீட்டுக்கு வந்த பெண்ணின் முன்னால் மானம் காப்பதற்காக, உணவில்லாமலே விருந்துண்பதுபோல் அந்த நண்பர்கள் நடிக்கும் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். வறுமையிலும் செம்மை காட்டவேண்டுமென்னும் மத்தியதர வர்க்கத்தின் கட்டாயம் அதில் நகைப்பும் நோவும் கலந்து வெளிப்படுகின்றது. இக்கட்டம்வரை ஆசிரியரின் கண் சமுதாயத்தின்மீதே பதிந்திருக்கின்றது.

ஆயின், படம் முடிவை நெருங்க நெருங்கப் பிரச்சினை சமுதாயத்திலிருந்து கழன்று ரங்கனின் குணத்தின்மீது வந்து அமர்கின்றது. அவன் வளையாதவன், பொய்யுரையாதவன், ஆதலால் வேலை பெறாதவன் என்ற எண்ணம் நம்முள் வளர்க்கப்படுகின்றது. ஆயிரம் பேருக்கு நூறு இடங்கள் இருக்குமிடத்து, அந்த ஆயிரவரும் வளைந்துகொடுப்பவராயினும் தொளாயிரம் பேர் வெளியிலேயே நிற்பர். இந்த எளிய கணக்கைப் படம் மறந்துவிடுகின்றது. ஈற்றில் ரங்கன் சிகையலங்காரக் கடையொன்றில் தொழில் செய்கின்றான். சங்கீத வித்துவானாகிய தந்தை அக்கோலத்தில் அவனைக் கண்டு அதிர்கின்றார். உழைத்து உண்பதில் இழிவில்லை என்னும் செய்தியோடு நாம் வீடு திரும்புகின்றோம்.

இச்செய்தி முற்போக்கானதாகவே தோன்றும். எனது மாணவனின் வினா இதன் அடித்தளத்தைத்தான் தொட்டது. அவனுடைய தகப்பனார் எங்கள் பகுதியிலே சலூன் வைத்து நடத்துபவர் என்பதை நான் பின்னரே அறிந்தேன். ரங்கனின் கையில் இருந்த சவரக் கத்தி ஏனையோருக்கு வீழ்ச்சியின் சின்னமாகத் தோன்றியபொழுது, அவனுக்கு அது தன் வீட்டுச் சோறாகத் தோன்றியிருக்கிறது. பட்டதாரி ஒருவன் எவ்வளவு தூரம் தாழ்ந்துவிட்டான் என்று காட்டுவதற்கு ஆசிரியர் ஒரு தொழிலைத் தேடியபொழுது, நிலமானிய சமுதாயம் சாதியின் பெயரால் இழிவு சுமத்திவைத்த ஒரு தொழில் அவருக்குக் கைகொடுத்தது. அத்தொழிலின் மகத்துவத்தைப் பேசும் அதே காட்சி, பார்ப்போர் மனத்தில் உறைந்திருக்கும் சாதி இழிவுணர்ச்சியை நம்பியே அதிர்ச்சியை உண்டாக்குகின்றது. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலைச் செய்தோர்க்கு எவரும் மகத்துவப் பட்டம் சூட்டவில்லை. உயர்குலத்தவன் ஒருவன் அதனைத் தொட்டபின்பே அது தியாகமாகின்றது.

ஈழத்து வாசகர்க்கு இதனை விளக்க அதிகம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே எழுத்தாளராகி, 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கிப் பல தசாப்தங்கள் நடத்திய டொமினிக் ஜீவாவின் வரலாறு நம் கண்முன் உள்ளது. பல்கலைக்கழகப் படிப்பில்லாத அவர், பட்டம் பெற்றோர் பலரின் எழுத்துக்கு மேடை அமைத்தார். அவர் கையில் இருந்த கத்தி வீழ்ச்சியின் சின்னமாக இருந்ததில்லை. தொழிலின் மகிமையை வாயாற் பேசுவதற்கும், அத்தொழிலைச் சுற்றியுள்ள சாதிச் சுவரை இடிப்பதற்கும் உள்ள வேற்றுமையை நமது முற்போக்கு இயக்கம் இத்தகையோர் வாழ்விலிருந்தே கற்றுக்கொண்டது.

இனி, ரேயின் படத்துக்கு வருவோம். 'ஜன அரண்ய' என்பது மனிதக் காடு எனப் பொருள்படும். சங்கர் என்ற பெயரில் எழுதிய மணிசங்கர் முகர்ஜியின் நாவலைத் தழுவியது. நக்சல்பாரி எழுச்சியின் தழும்புகளை இன்னும் சுமந்துகொண்டிருந்த கல்கத்தாவே களம். மாணவர் வெளிப்படையாகப் பார்த்தெழுதும் பரீட்சை மண்டபத்தில் படம் தொடங்குகின்றது. சோமநாத் ஒழுங்காகப் படித்தவன். ஆனால் அவனது சிறிய எழுத்து, தகுந்த மூக்குக்கண்ணாடி இல்லாத பரீட்சகருக்குத் தெரியவில்லை. அதனால் சிறப்புத் தேர்ச்சி கைநழுவுகின்றது. பரீட்சகரும் கொடியவரல்லர், கண்ணாடிக்கு வழியற்ற மத்தியதர வர்க்கத்தவரே. ஒருவனுடைய திறமைக்கும் அவன் அடையும் பயனுக்கும் இடையில் உள்ள தொடர்பு இச்சமுதாயத்தில் எவ்வளவு தற்செயலானது என்பதை ரே உபதேசமின்றி உணர்த்திவிடுகின்றார்.

நேர்முகப் பரீட்சையொன்றில் சோமநாத்திடம் சந்திரனின் எடை என்னவென்று கேட்கப்படுகின்றது. விண்ணப்பித்தோர் தொகை மிகுந்து இடங்கள் அருகியபொழுது, வினாவின் நோக்கம் தகுதியை அறிதல் என்பதிலிருந்து ஆட்களைக் கழித்தல் என்பதாக மாறிவிடுகின்றது. இத்தகைய வினாக்களின் முன் நின்ற அனுபவம் இதனை வாசிக்கும் ஆசிரியர் பலருக்கும் இருக்கும்.

பின்னர் சோமநாத் தரகுத் தொழிலில் இறங்குகின்றான். எதனையும் உற்பத்தி செய்யாமல், வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் இடையில் நின்று இலாபம் பெறும் தொழில். முடிவில், ஒப்பந்தமொன்றைப் பெறுவதற்காக அதிகாரி ஒருவருக்கு ஒரு பெண்ணைக் கொண்டுசென்று கொடுக்கவேண்டியவனாகின்றான். அப்பெண் தன் நண்பன் சுகுமாரின் தங்கை என்பதை அறிந்தும் அவன் பின்வாங்கவில்லை. ஒப்பந்தம் கிடைக்கின்றது. வீட்டிலே, கொள்கைவாதியான தந்தை மகனுக்கு வழி பிறந்துவிட்டதென்று நிம்மதி கொள்கின்றார்.

மார்கரட் ஹார்க்னசுக்கு 1888இல் எழுதிய கடிதத்திலே எங்கெல்ஸ், யதார்த்தவாதத்துக்கு விவரங்களின் உண்மை மாத்திரம் போதாது, வகைமாதிரியான சூழ்நிலையில் வகைமாதிரியான மாந்தர் காட்டப்படவேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். இவ்வளவைக் கொண்டு நோக்குமிடத்து ரங்கன் ஒரு விதிவிலக்கு, சோமநாத் வகைமாதிரி. ரங்கனைப் பார்த்து நாம் பெருமைப்பட்டு அமைதியடைகின்றோம். சோமநாத்தைப் பார்த்து அவ்வாறு அமைதியடைய இயலாது. அவன் நல்லவன், நம் தம்பியைப் போன்றவன். அவனிடத்தில் நாம் இருந்திருந்தால் வேறெதனைச் செய்திருப்போம் என்ற கேள்வி உடன் வருகின்றது. இரு படங்களிலும் ஒரு தந்தை இருக்கின்றார். மகன் மானத்துடன் உழைப்பதைக் கண்டு ஒருவர் அதிர்கின்றார். மகன் மானத்தை விற்றுவந்ததை அறியாது மற்றவர் நிம்மதி கொள்கின்றார். மத்தியதர வர்க்கத்தின் மதிப்பீடுகள் எவ்வளவு தலைகீழானவை என்பதை அறிய இவ்விருவரையும் அருகருகே நிறுத்தினாற் போதும்.

ரேயின் படமும் குறைகளுக்கு அப்பாற்பட்டதன்று. சோமநாத்தின் மனச்சாட்சி நமக்குத் தெரிகின்றது. சுகுமாரின் தங்கையுடைய மனமோ தூரத்திலிருந்தே காட்டப்படுகின்றது. வேலையின்மையின் பாரம் முழுவதும் ஈற்றில் இறங்குவது அவள் தோளிலேயாயினும், கதை சோமநாத்தின் கதையாகவே முடிகின்றது. நமது கலைப்பீடங்களில் இன்று பெண்களே பெரும்பான்மையினர். பட்டம் பெற்றபின் அவர்கள் காத்திருக்கும் ஆண்டுகள், சீதனச் சந்தையின் கணக்கிலும் சேர்க்கப்படுகின்றன. அவர்களை நடுவில் வைத்து எழுதப்படும் படைப்பு, ரே நிறுத்திய இடத்திலிருந்து அப்பாற் செல்லும். மேலும், சோமநாத் தனியனாகவே நிற்கின்றான். அவனைப்போன்றோர் ஒன்றுகூடினால் என்ன நிகழும் என்பதைப் படம் கேட்கவில்லை.

நம் நாட்டில் அவர்கள் ஒன்றுகூடினர். 2017 பெப்பிரவரியில் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் மாதக்கணக்காக நீடித்தது. தனியார் கல்வி நிலையமொன்றில் மாலை வகுப்பெடுத்துக் காலம் போக்கிய நானும் சில நாள்கள் அங்கு அமர்ந்திருந்தேன். உள்வாரிப் பட்டதாரி, வெளிவாரிப் பட்டதாரி என்று வரிசைக்குள்ளேயே பிளவு உண்டாக்கப்பட்டதையும் கண்டேன். பின்னர் பயிலுநர் நியமனம் கிடைத்தது. நான் அனுப்பப்பட்ட அலுவலகத்தில் எனக்கு ஒரு கையொப்பப் புத்தகம் இருந்தது, கதிரை இருக்கவில்லை. காலையில் ஒப்பமிட்டு, எதிலும் கைவைக்க இடமின்றிச் சுவரோரம் நின்று, மாலையில் மீண்டும் ஒப்பமிட்டுத் திரும்பிய மாதங்கள் பல. 2020இலும் பல்லாயிரம் பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர்.

இது ரங்கனும் சோமநாத்தும் அறியாத மூன்றாவது முடிவு: நியமனம் உண்டு, வேலை இல்லை. பட்டதாரி வாக்காக எண்ணப்பட்டு, தேர்தற் காலத்தில் நினைக்கப்பட்டு, அலுவலகச் சுவரோரம் மறக்கப்படுகின்றான். உழைக்க விரும்பும் ஒருவனின் அறிவையும் கைகளையும் பயன்படுத்த இயலாத பொருளாதாரம், அவனுக்குச் சம்பளத்தை மாத்திரம் கொடுத்து வாயடைக்கும் இந்நிலையை நமது நாவலும் சிறுகதையும் இன்னும் விரிவாக ஆராயவேண்டும். அதற்கு வேண்டிய அனுபவம் இவ்விதழை வாசிக்கும் ஆசிரியரிடமும் மாணவரிடமும் நிறைய உண்டு. தன்னிரக்கக் கதைகளாக அது வீணாகிவிடலாகாது.

எனது மாணவனுக்கு நான் கூறவேண்டிய பதில் இப்பொழுது தெளிவாக இருக்கின்றது. அந்தத் தகப்பன் இடிந்துபோனமைக்கு அவனுடைய வீட்டுத் தொழிலில் யாதொரு குறையும் இல்லை. தொழிலுக்குச் சாதியின்படி மதிப்பும், கல்விக்கு உத்தியோகத்தின்படி மதிப்பும் இட்டு வளர்ந்த ஒரு சமுதாயம் அவரைப் படைத்தது. அவர் அதற்கேற்பவே நடந்துகொண்டார். அடுத்த தவணை 'ஜன அரண்ய' படத்தைக் காட்ட எண்ணியிருக்கின்றேன். அதன் பின்னரும் அவன் ஒரு கேள்வி கேட்பான் என்று நம்புகின்றேன்.