தொண்ணூற்றொன்பது ஆண்டு வீட்டில் ரோஜர் ஸ்க்ரூட்டன்

போன வருடம் எங்களுக்கு பிடிஓ குலுக்கலில் நல்ல எண் கிடைத்தது. உட்லண்ட்ஸில்தான், நான் வளர்ந்த புளோக்கிலிருந்து நடந்தே போய்விடலாம். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் எந்த இடம் என்று உறைத்தது. பள்ளி நாட்களில் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் பார்த்த காடு. இயற்கை ஆர்வலர்கள் அதைக் காடு என்று ஒப்புக்கொள்வார்களோ என்னவோ. அல்பீசியா மரங்களும் புதரும் மண்டிய ஒரு துண்டு நிலம். விடியற்காலையில் அங்கிருந்து காட்டுக்கோழி கூவும். இப்போது சுற்றிலும் தகரத் தடுப்பு, உள்ளே மண் வாரும் இயந்திரம்.

"இத எடுக்கத்தான் வேணுமா?" என்று வீட்டில் கேட்டேன். அம்மா கைவேலையை நிறுத்தாமல் சொன்னார்: "காட்டப் பாத்துக்கிட்டே கல்யாணம் பண்ணாம இருக்கப் போறியா?"

அந்த வாரம் நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகம் ரோஜர் ஸ்க்ரூட்டனின் 'கிரீன் பிலாசபி' (2012). ஸ்க்ரூட்டன் (1944–2020) இங்கிலாந்தின் பழமைவாதச் சிந்தனையாளர். சுற்றுச்சூழல் அக்கறை இடதுசாரிகளின் சொத்து அல்ல, அதன் இயல்பான தாய்வீடு பழமைவாதமே என்பது அவர் வாதம். என் வயதில் சூழலியல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இடது பக்கம் சாய்ந்தவர்கள். நானும் அப்படித்தான். எனவே சண்டை போடும் மனநிலையில்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் பாதி என்னை அசைத்தது. மனிதர்கள் பூமியைக் காப்பதில்லை, தங்கள் வீட்டைத்தான் காக்கிறார்கள் என்கிறார் ஸ்க்ரூட்டன். இந்த உணர்வுக்கு அவர் வைக்கும் பெயர் 'ஆய்கோஃபிலியா'. இல்லப்பற்று என்று தமிழில் சொல்லலாம். பொருளியல், சூழலியல் இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களின் வேரும் வீடு என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல்தான். எட்மண்ட் பர்க்கிடமிருந்து அவர் எடுத்துக்கொள்வது இன்னொரு எண்ணம்: சமூகம் என்பது இறந்தவர், இருப்பவர், பிறக்கப்போகிறவர் மூவருக்கும் இடையிலான உறவு. நேற்று கிடைத்ததை நாளைக்குக் கெடாமல் கொடுப்பது நம் பொறுப்பு. அச்சமூட்டும் அறிக்கைகளும் உலக மாநாடுகளும் செய்யாததை, ஓர் ஊர்க்காரர் தன் ஆற்றின் மீது வைத்த பாசம் செய்யும். இதில் தவறென்று எதைச் சொல்வது? இடதுசாரி அரசுகளின் கைகளும் சுத்தமில்லை. ஆரல் கடலை வற்றவைத்தது சோவியத் திட்டமிடல்தான்.

ஆனால் இந்தப் புத்தகத்தை உட்லண்ட்ஸில் உட்கார்ந்து வாசிக்கும்போது வேறொரு கேள்வி வருகிறது. பழமைவாதம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதற்குள் குறைந்தது இரண்டு மனநிலைகள் உண்டு. ஒன்று பற்று, மற்றது ஒழுங்கு. ஸ்க்ரூட்டன் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார். சிங்கப்பூர் இரண்டையும் பிரித்துக் காட்டும் ஊர்.

மக்கள் செயல் கட்சி தன்னைப் பழமைவாதக் கட்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒருகாலத்தில் சோஷலிச அகிலத்தில் உறுப்பினராக இருந்து, 1976இல் வெளியேறிய கட்சி அது. ஆனால் குடும்பம், தனிமனிதனுக்கு முன் சமூகம் என்று 1991இன் 'பகிரப்பட்ட விழுமியங்கள்' வெள்ளை அறிக்கை அடுக்கியதைப் பழமைவாதம் என்று அழைப்பதில் தவறில்லை. உலகின் பெயர்பெற்ற பசுமை நகரங்களில் ஒன்றைக் கட்டியதும் இதே கட்சிதான். லீ குவான் யூ 1963 ஜூன் 16 அன்று ஃபாரர் சர்க்கஸில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967இல் 'பூந்தோட்ட நகரம்' அறிவிக்கப்பட்டது.

அவருடைய நினைவுக்குறிப்பின் இரண்டாம் பாகத்தில் (2000) பசுமையாக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. பொறியாளராக எனக்கு அது பிடிக்கும். மண்ணும் உரமும் நிழலும் பற்றி ஒரு பிரதமர் இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று தோன்றும். ஆனால் அங்கே மரங்களுக்குச் சொல்லப்படும் காரணங்களைக் கவனியுங்கள். மற்ற மூன்றாம் உலக நாடுகளிலிருந்து நாம் வேறுபட்டுத் தெரிய வேண்டும், மக்களின் மனம் நிமிர வேண்டும், வருகிற முதலீட்டாளர் இந்த ஊரில் வேலை ஒழுங்காக நடக்கும் என்று நம்ப வேண்டும். அதே அத்தியாயத்தில் தெருவில் திரிந்த மாடுகளும் ஆடுகளும் வருகின்றன. 1965 ஜனவரி 31 வரை உரிமையாளர்களுக்குக் கெடு. அதற்குப் பிறகு பிடிபட்டவை இறைச்சிக் கூடத்துக்கு. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரைச் சுமக்கும் தேக்கா வட்டாரத்தில் காய்கறி வாங்குகிற நாம் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம். மரம் உள்ளே வந்ததும் மாடு வெளியே போனதும் ஒரே திட்டத்தின் இரண்டு வரிகள்.

ஒழுங்கு சார்ந்த பசுமை பொய் என்று நான் சொல்லவில்லை. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டருக்கு வளைந்தோடும் காலாங் ஆறாக மாற்றினார்கள். திறந்தது 2012இல். நான் வடிகால் பொறியியலுக்கு வந்ததற்கு அந்த ஆறும் ஒரு காரணம். இன்று அங்கே நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக நீந்துகின்றன. ஆனால் ஒழுங்கு நட்டதைத்தான் காக்கும். தானாக முளைத்ததை அதற்கு அடையாளம் தெரியாது. வரைபடத்தில் என் அல்பீசியாக் காடு 'காலி நிலம்'.

ஸ்க்ரூட்டன் சொல்லும் பற்று இங்கே ஏன் வேர்பிடிக்கவில்லை? வீவக வீட்டின் குத்தகை 99 ஆண்டுகள். இடுகாட்டில் ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுகள். புக்கிட் பிரௌனில் ஆயிரக்கணக்கான கல்லறைகளைத் தோண்டியெடுத்துச் சாலை போட்டோம். இறந்தவரோடு உறவு பேணச் சொல்கிறார் பர்க். எங்கள் ஊரில் அவர்களுக்கும் காலக்கெடு உண்டு. என் தாத்தாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை, மண்டாயில் தகனம் செய்துவிட்டோம். அவர் வாழ்ந்த கம்பத்து வீடு இருந்த இடத்தை அப்பாவால்கூட இன்று சரியாகக் காட்ட முடியாது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மணமாகாதவர் வீவக வீடு வாங்க 35 வயதுவரை காத்திருக்க வேண்டும். நிச்சயமான ஜோடி இப்போதே விண்ணப்பிக்கலாம். குடும்பத்தை ஊக்குவிக்கும் கொள்கை இது. ஒவ்வொரு புதுக் குடும்பத்துக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் நிலம். ஆக, காட்டைத் தின்பது எப்போதும் பேராசை பிடித்த முதலாளி இல்லை. சிலசமயம் அது பழமைவாதத்தின் ஆகப் புனிதமான சொல்லான குடும்பம்தான். இந்த மோதலை ஸ்க்ரூட்டன் எங்குமே நேராகச் சந்திப்பதில்லை. அவருடைய இங்கிலாந்தில் வீடும் வயல்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இங்கே ஒன்றின் மேல்தான் இன்னொன்றைக் கட்ட வேண்டும்.

பற்றே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2011 ஜூன் 30 அன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி மலாயா ரயில் கிளம்பியது. அதன்பிறகு ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டன. கைவிடப்பட்ட தண்டவாள நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல் ஒரே பசுமை வழியாக வைத்திருக்கலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் முன்மொழிந்திருந்தது. மக்கள் நடந்தார்கள், எழுதினார்கள், அரசு கேட்டது. 24 கிலோமீட்டர் வழி தப்பியது. செக் ஜாவாவின் கடல் நிரப்பும் பணி 2001 இறுதியில் தள்ளிவைக்கப்பட்டதும் இதே மாதிரிதான். இவை ஸ்க்ரூட்டன் போற்றும் சிறு சங்கங்களின் வெற்றிகள். ஆனால் அவை பழமைவாத அரசின் வெற்றிகள் அல்ல. அந்த அரசு காது கொடுத்த அபூர்வமான நேரங்கள்.

பற்றுக்கும் எல்லை உண்டு. 2013 ஜூன் 21 அன்று இங்கே காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. பள்ளி விடுமுறை, ஈரத்துண்டை ஜன்னல் இடுக்கில் சொருகிவிட்டு உட்கார்ந்திருந்தோம். புகை சுமத்ராவிலிருந்து வந்தது. என் வீட்டை நான் எவ்வளவு நேசித்தாலும் அந்தத் தீ அணையாது. சர்வதேச ஒப்பந்தங்களை ஸ்க்ரூட்டன் சந்தேகத்தோடு பார்க்கும் பக்கங்களில் எனக்கு அந்த ஈரத்துண்டுதான் நினைவுக்கு வந்தது.

பற்றின் இருண்ட பக்கத்தைத் தெரிந்துகொள்ள அதே காலகட்டத்தில் வந்த முகுல் ஷர்மாவின் 'கிரீன் அண்ட் சாஃப்ரன்' நூலைச் சேர்த்து வாசிக்க வேண்டும். தெஹ்ரி அணை எதிர்ப்பு எப்படிக் கங்கையின் தூய்மை பற்றிய இந்துத்துவப் பேச்சோடு கைகோத்தது என்று அவர் காட்டுகிறார். அண்ணா ஹசாரேயின் ராலேகான் சித்தி நீர் சேகரிப்பில் உண்மையாகவே சாதித்த கிராமம். அங்கேயே குடித்தவர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டதையும், தலித்துகளின் உணவுப் பழக்கம் மாற்றப்பட்டதையும் ஷர்மா எழுதுகிறார். இங்கே 'வீடு' என்பது ஒவ்வொருவரும் தன் இடத்தில் நிற்க வேண்டிய ஓர் அடுக்கு. 'முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல' என்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திகளுக்கும் இதே மணம் உண்டு. கோயில்காடுகள் பல உயிர்களைக் காத்தது உண்மை. அந்தக் கோயிலுக்குள் யார் நுழையலாம் என்றிருந்ததும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பகிர்வதற்குப் பெயர் சூழலியல் இல்லை.

எங்கள் புளோக்கின் கீழே புல் வெட்ட வரும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கம். ஒருநாள் மழைமரத்தைக் காட்டி, "எங்கூர்ல இதுக்குப் பேரு தூங்குமூஞ்சி மரம், தெரியுமா?" என்றார். இந்த நகரத்தின் அடையாளமாகிவிட்ட அந்த மரமும் வெளியூர்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. எந்த மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்குகிறது, எந்தக் கிளை அடுத்த மழைக்கு விழும் என்று அவருக்குத் தெரியும். தங்குவது தொழிலாளர் விடுதியில், வேலை அனுமதி முடிந்தால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இல்லம் இல்லாதவரின் அக்கறைக்கு ஸ்க்ரூட்டனிடம் பெயரே இல்லை. பூந்தோட்ட நகரமோ அந்த அக்கறையை நம்பித்தான் நிற்கிறது.

பழமைவாதமும் சூழலியலும் சேர்ந்து போகுமா என்றால், போகும், போயிருக்கிறது. காலாங் ஆறு சாட்சி. ஆனால் இனி யாராவது 'பாதுகாப்பு' என்று சொன்னால் எதை, யார் சொல்லி, யாரை வெளியே நிறுத்திவிட்டு என்று மூன்றையும் கேட்காமல் நான் தலையாட்ட மாட்டேன். ஸ்க்ரூட்டன் முதல் கேள்விக்கு அழகாகப் பதில் சொல்கிறார். மற்ற இரண்டையும் அவருக்கு யாரும் கேட்கத் தேவை வந்ததில்லை போலிருக்கிறது.

வீட்டை எடுத்துக்கொண்டோம். ஒன்பதாவது மாடி. குத்தகை முடியும்போது நான் இருக்க மாட்டேன். போன வாரம் தடுப்பின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்தேன். சமன் செய்த செம்மண்ணின் ஓரத்தில், முழங்கால் உயரத்துக்கு ஓர் அல்பீசியா மறுபடி முளைத்திருந்தது. அண்ணனிடம் சொன்னேன். "அது நிக்காதும்மா, அடுத்த வாரம் எடுத்துருவாங்க" என்றார்.