'செயல்தவிர்' சரியான சொல்தானா?

சில கணினிச் செயலிகளின் தமிழ் இடைமுகத்தில் 'அன்டூ' பொத்தானுக்குச் 'செயல்தவிர்' என்று போட்டிருக்கிறார்கள். "டீச்சர், தவிர்ன்னா செய்யாம இருக்கிறதுதானே? நான்தான் ஏற்கெனவே செஞ்சிட்டேனே!" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன பதில் சொல்வோம்? கேள்வி நியாயமானது. சண்டையைத் தவிர்ப்பது வேறு. சண்டை போட்டபின் சமாதானமாவது வேறு.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். 'அன்டூ' பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினை. கட்டியதை அவிழ்ப்பது, மூடியதைத் திறப்பது என்பவை அதன் தொடக்ககாலப் பொருள்கள். ஆங்கிலத்தில் 'அன்' இரண்டு உண்டு. 'அன்ஹேப்பி'யில் வருவது இன்மையைக் குறிக்கும். 'அநீதி' என்ற வடசொல்லின் முன்னொட்டுக்கு அது உறவு. 'அன்டூ', 'அன்லாக்' ஆகியவற்றில் வருவது வேறொன்று. அது செய்ததைத் திருப்புவதைக் குறிக்கும். ஜெர்மன் மொழியின் 'எண்ட்' முன்னொட்டுக்கு உறவு.

இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால், 'ஐ அன்லாக்ட் த டோர்' என்பதை மாணவர் 'நான் கதவைப் பூட்டவில்லை' என்று எழுதிவிடுவார். பொருளே மாறிப்போகும். தமிழில் இதற்குப் பொதுவான முன்னொட்டு கிடையாது. அதற்குப் பதில் சோடி வினைகள் இருக்கின்றன: பூட்டு–திற, கட்டு–அவிழ், மாட்டு–கழற்று, மடி–பிரி, சுருட்டு–விரி.

அப்படியானால் 'செயல்தவிர்' முழுத் தவறா? இல்லை. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்கிறோம். அங்கே 'தவிர்த்த' என்றால் நடப்பில் இருந்த வரியை நீக்கிய என்று பொருள். ஆக, சொல்லுக்கு வேர் இருக்கிறது. ஆனால் இன்றைய பிள்ளையின் காதில் அது 'செய்யாதே' என்றுதான் விழும். பொத்தானில் எழுதும் சொல் பார்த்தவுடன் புரியவேண்டும். அந்த இடத்தில் 'செயல்தவிர்' சறுக்குகிறது. 'செய்ததை நீக்கு' என்பதும் சரிவராது. அழித்துவிட்ட பத்தியைத் திரும்பக் கொண்டுவரும்போது எதை நீக்குகிறோம்? 'பழையபடி ஆக்கு' என்றால் தொடக்கநிலைப் பிள்ளைக்கும் புரியும்.

பொத்தானை நாம் மாற்ற முடியாது. வகுப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பூட்டு, ஒரு கயிறு, ஒரு மடித்த தாளை மேசையில் வையுங்கள். மாணவர் ஒவ்வொன்றையும் செய்து, பிறகு பழையபடி ஆக்கட்டும். இரண்டுக்கும் உரிய வினைகளை வாய்விட்டுச் சொல்லட்டும். 'அன்டூ பண்ணு' என்ற ஒரே தொடருக்குப் பதில் ஐந்தாறு நல்ல தமிழ் வினைகள் அவர்கள் வாயில் தங்கும்.