காகிதத்தில் ஒரு விண்கலம்

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்தை அடுத்து, லாரி பேக்கர் என்னும் கட்டடக்கலை மேதை செங்கல்லை வளைத்து வளைத்து ஏற்றி எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸ், வழிப்போக்கருக்குக் காபியையும், காகித உருவங்களில் பித்துக்கொண்ட என்போன்றோருக்கு ஓயாத சிந்தனையையும் சேர்த்தே வழங்கி வருகிறது. அதன் சுற்றுச்சுவரைக் காகிதத்தில் செய்வது சுலபம். நீளமான தாளைச் சுருட்டி ஓரத்தை ஒட்டினால் முடிந்தது. ஆனால் மேசைகளையும் இருக்கைகளையும் சுமந்துகொண்டு சுவரோடு சுழன்று ஏறுகிறதே அந்தச் சாய்தளம், அதனை எந்தத் தாளும் தன் இயல்பு கெடாமல் பிரதிபலிக்க மாட்டாது. வளையமாக வெட்டி, ஓரிடத்தில் பிளந்து, சற்றே இழுத்து நிறுத்தி, ஏறக்குறைய இப்படித்தான் என்று திருப்திப்பட வேண்டியதே.

இக்கலையின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு பேதத்தில் அடங்கியிருக்கிறது. காகிதம் ஒரு திசையில் வளையச் சம்மதிக்கும். ஒரே இடத்தில் இரு திசைகளிலும் வளைய ஒருபோதும் சம்மதிக்காது. உருளையும் கூம்பும் அதற்குக் கைவந்தவை. கோளம் அதன் ஜன்மப் பகை. ஜெர்மானியக் கணித மேதை கவுஸ் 1827ஆம் ஆண்டிலேயே இதற்கான பிரமாணத்தை எழுதி வைத்துவிட்டார். அந்த வகையில் ராக்கெட்டு, காகிதக்காரனுக்கு வாய்த்த பாக்கியம் என்றே சொல்ல வேண்டும். இந்நகரின் வடபால் தும்பாக் கடற்கரையில், 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி ராக்கெட்டு விண்ணேறியது முதல், மரிய மக்தலேனாள் தேவாலயம் அலுவலகமாகிப் பின்னர் அருங்காட்சியகமும் ஆகிவிட்ட இந்நாள் வரை, இங்கு உருவான கலங்கள் பெரும்பாலும் உருளையின்மேல் உருளையும் உச்சியில் கூம்புமாக அமைந்தவையே. 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட எஸ்.எல்.வி.-3ஐ நூற்றில் ஒரு பங்காகச் செய்தால் மேசைமேல் ஒரு சாண் உயரத்துக்குச் சுகமாக நிற்கும். ஏதேனும் ஐயம் எழுந்தால் படங்களும் அளவுகளும் பதிவாகி இருக்கின்றன, பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கற்பனைக் கலத்துக்கு அந்த வசதி இல்லை. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைப்படத்தில் வியாழனை நோக்கிச் செல்லும் டிஸ்கவரி என்னும் கலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கதையில் பங்கு கொண்ட ஆர்தர் கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1975இல் இந்தியாவின் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சியைக் காண்பதற்கான ஆன்டெனா ஒன்று அவருடைய கொழும்பு வீட்டிலேயே அமைக்கப்பட்டது. படம் வெளிவந்தது 1968 ஏப்ரலில். தும்பா ஏவுதளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது அதே ஆண்டு பிப்ரவரியில். இது தற்செயலே எனினும், இவ்வூரில் இருந்துகொண்டு அக்கலத்தைச் செய்கிறவனுக்கு நினைத்துப் பார்க்க இனிமையாக இருக்கிறது. நிற்க. திரையில் நாம் கண்ட டிஸ்கவரியும் மெய்யான கலம் அன்று. 54 அடி நீளத்தில் படப்பிடிப்புக்கெனச் செய்த ஒரு மாதிரி உருவமே. ஆகவே நாம் காகிதத்தில் செய்வது பிம்பத்தின் பிம்பம். அதைச் செம்மைப்படுத்துவது என்றால் எதைப் பார்த்துச் செம்மைப்படுத்துவது என்னும் வினா எழுகிறது. ரசனைக்கு வேலை ஆரம்பமாவதும் அந்த இடத்தில்தான்.

டிஸ்கவரியின் முகப்பு ஒரு கோளம். நடுவே நீண்ட முதுகுத்தண்டு. கடைக்கோடியில் எஞ்சின் தொகுதி. தண்டும் எஞ்சினும் பொறுமை ஒன்றையே கேட்கும். கோளமோ வித்தையைக் கேட்கும். 1507இல் வால்ட்சீமுல்லர் பூகோள உருண்டைக்காகத் தேசப்படத்தைப் பன்னிரண்டு சுளைகளாக அச்சிட்டாரே, அந்த உபாயமே இன்றளவும் நமக்குக் கதி. சுளை குறைந்தால் கோளம் பட்டை பட்டையாகத் தெரியும். கூடினால் ஒட்டுகள் பெருகித் துருவத்தில் தாள் குவிந்து முடிச்சுவிடும். கைதேர்ந்தவர்கள் ஒவ்வொரு சுளையையும் ஒட்டுமுன் மெத்தென்ற துணியின்மேல் கிடத்தி, உருண்ட கரண்டிக் காம்பால் பின்புறம் மெல்லத் தேய்த்துச் சிறிது குழிவை வருவித்துக்கொள்வார்கள். துருவங்களைத் தனி வட்டத் தொப்பியால் மூடிவிடுவார்கள். சுளைகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்க, உட்புறம் மெல்லிய பட்டையொன்று அவற்றைப் பிணைக்க, கைபட்ட தடயமே தெரியாமல் அமைந்த கோளத்தைப் பார்ப்பதில் உள்ள ஆனந்தம் அலாதியானது.

இனி மெருகு. அச்சிட்ட தாளில் ஜன்னலும் கதவும் குழாயும் வெறும் வர்ணமாக இருக்கும். அவற்றில் எதை வெட்டித் தாழ்த்துவது, எதன்மேல் இன்னொரு படலத்தை ஒட்டி உயர்த்துவது என்று தீர்மானிப்பதே செம்மையாக்குபவனின் திறன். முதுகுத்தண்டின் பெட்டிகளை 200 ஜி.எஸ்.எம். அட்டையிலும், அவற்றின்மேல் படியும் நுண்ணிய தகடுகளை 80 ஜி.எஸ்.எம். தாளிலும் செய்தால், விளக்கின் நிழல் விழும்போது அச்சிட்ட நிழல் வெட்கி ஒதுங்கிவிடும். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக்கொள்ள வேண்டும். வெட்டிய விளிம்பின் வெண்மையை நீர்வர்ணத்தால் அடக்க வேண்டும். சுருட்டுவதை நார் ஓடும் திசைக்கு இசைந்து சுருட்ட வேண்டும். இவையெல்லாம் பாலபாடங்கள். பலர் வழுக்கி விழுவது மிகுதியில். அந்தப் படத்தின் கலைஞர்கள் கடையில் விற்ற பிளாஸ்டிக் மாதிரிகளின் துண்டுகளையே எடுத்து ஒட்டிக் கலத்தின் மேற்பரப்பை நிறைத்தார்கள் என்பது உண்மைதான். எனினும் டிஸ்கவரியின் கோளத்தை ஏறத்தாழ வெறுமையாகவே விட்டு வைத்தார்கள். அந்த வெறுமை புரியாமல் அதன்மேல் தகடுகளை ஒட்டித் தள்ளியவர்களின் கலங்களைப் பார்த்தால் எனக்கு அனுதாபமே உண்டாகிறது.

வேறொரு விவாதமும் உண்டு. அணுசக்தியால் ஓடும் கலம் தன் உஷ்ணத்தை வெளியேற்ற அகன்ற கதிர்வீச்சுத் தகடுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்பது விஞ்ஞானம். ஆரம்ப வரைபடங்களில் அவை இருந்தன; காற்றில்லாத வெளியில் சிறகு எதற்கு என்று பார்ப்பவர்கள் மயங்குவார்கள் என்றஞ்சிப் பின்னர் நீக்கிவிட்டார்கள். செம்மையாக்கும் அன்பர்கள் சிலர் அவற்றைத் திரும்பச் சேர்க்க ஆசைப்படுகிறார்கள். அவர்களுடைய விஞ்ஞானம் சரி. என் அபிப்பிராயம் வேறு. இக்கலம் ஜீவித்திருக்கும் ஒரே உலகம் அந்தத் திரைப்படம். அங்கே இல்லாத அவயவத்தைச் சேர்த்தால் அது வேறொரு கலம், டிஸ்கவரி அன்று.

சாலைக் கடைத்தெருவில் அட்டையும் பசையும் வாங்கும் உள்ளூர் அன்பருக்கு மழையைப் பற்றி எச்சரிக்க வேண்டியதில்லை. ஜூனில் பருவமழை பிடித்துவிட்டால் தாள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், ஃபெவிகால் உலர மறுக்கும். வெட்டுவதற்கு முன்பே தாளின்மேல் வார்னிஷ் தெளித்து வைப்பது நலம்; உள்ளே குறுக்குத் தடுப்புகள் இல்லாத நீண்ட தண்டு ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் வளைந்துதான் போகும்.

யாரேனும் உங்களிடம் ஒரு காகித டிஸ்கவரியைக் காட்டினால், அதன் முதுகுத்தண்டில் நிற்கும் ஆன்டெனாவின் நுணுக்கத்தைக் கண்டு உடனே மயங்கிவிடாதீர்கள். கோளத்தில் சுளைகள் கூடும் துருவத்தை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள், செய்தவரின் தரம் அங்கே தெரிந்துவிடும்.