சமுதாய வானொலியில் ஒலிபரப்பு நேரமும் உழைப்பும்: கூற்று, கேட்போர், களன் அடிப்படையில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியச் சமுதாய வானொலி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ‘பங்கேற்பு’ என்னும் கருத்தாக்கத்தை மையமாகக் கொண்டவை. அடித்தட்டு மக்களுக்கு ஒலிவாங்கி கிடைத்தமை அவற்றுள் சாதனையாகப் பதிவாகிறது. அவ்வொலிவாங்கியின் முன்னும் பின்னும் நிகழும் உழைப்பு ஊதியம் பெறும் பணியா, தொண்டா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. பேச்சு நிகழ்ச்சிகளை முதன்மையாகக் கொண்ட சிறு நிலையங்களில் ஒலிபரப்பு நேரம் பெறுதலும் வேலை பெறுதலும் இருவேறு நிகழ்வுகள் என்பதையும், முன்னதன் நிலைபேறு பின்னதைச் சார்ந்தது என்பதையும் தொல்காப்பியச் செய்யுளியலின் உறுப்புகள் சிலவற்றைத் துணைக்கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சமுதாய வானொலி, ஒலிபரப்பு நேரம், தன்னார்வ உழைப்பு, கூற்று, கேட்போர், களன்.

முன்னுரை

வானொலியில் யார் பேசலாம் என்பது உரிமை பற்றிய வினா. பேசுவதைக்கொண்டு யார் வாழலாம் என்பது உழைப்பு பற்றிய வினா. பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களில் இவ்விரண்டும் ஒரே விடையைப் பெற்றன. பணியமர்த்தப்பட்டவர் பேசினார், அல்லது ஒப்பந்தத் தொகை பெற்று அழைக்கப்பட்டவர் பேசினார். சமுதாய வானொலி இப்பிணைப்பை அறுத்தது. மீனவரும் உழவரும் கூலித்தொழிலாளரும் மாணவரும் பேசும் வாய்ப்பைப் பெற்றனர். ஆயின் பேசுதல் வாழ்வூதியம் தரும் பணி என்னும் நிலை அவர்களுக்கு வாய்க்கவில்லை. இம்மாற்றத்தில் பெற்றதை மட்டும் எண்ணி, இழந்ததை எண்ணாமல் விடுவது திறனாய்வு நோக்கில் குறையுடையது.

தமிழ் வானொலி உழைப்பின் முன்வரலாறு

தமிழகத்தில் ஒலிபரப்பு ஆர்வலர்களின் முயற்சியாகவே தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924இல் உருவாக்கிய சென்னை மாகாண வானொலிச் சங்கம் சிறு அலைபரப்பியைக்கொண்டு நிகழ்ச்சிகளை வழங்கியது. பொருள் நெருக்கடியால் அம்முயற்சி 1927இல் நின்றது. பின்னர்ச் சென்னை மாநகராட்சி 1930இல் அப்பணியை ஏற்றது. ஆர்வம் தொடங்கிவைப்பதை நிதியே தொடரச்செய்கிறது என்பதற்குத் தமிழ் ஒலிபரப்பின் முதல் அத்தியாயமே சான்று.

அகில இந்திய வானொலி நிலைபெற்றபின் அது தமிழ் எழுத்தாளர்களுக்குப் பணியிடமாகவும் அமைந்தது. தி. ஜானகிராமன், அகிலன், மீ. ப. சோமு ஆகியோர் வானொலியில் பணியாற்றியோர். அக்காலத்து வானொலிப் பேச்சு பெரிதும் எழுத்துப்படியை முன்வைத்து நிகழ்ந்தது. பேச்சாளர் படியை முன்கூட்டியே அளிக்க, நிலையம் ஏற்றபின் குறித்த நிமிடங்களுக்குள் அது வாசிக்கப்பட்டது. இம்முறையில் கட்டுப்பாடு இருந்தது, ஊதியமும் இருந்தது. எழுத்துப்படி இருந்தமையால் பல உரைகள் பின்னாளில் நூல்வடிவம் பெற்றன. கற்றோர் வழக்குக்கு வெளியே நின்றவர்கள் பேச்சாளர்களாக இடம்பெறுவது அரிதாயிருந்தமை அம்முறையின் பெருங்குறை. அக்குறைக்கு எதிர்வினையாகவே சமுதாய வானொலி என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

கொள்கையும் ‘பங்கேற்பு’ என்னும் சொல்லும்

அலைக்கற்றை பொதுச்சொத்து என 1995 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இத்துறையின் தொடக்கப்புள்ளி. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி நடத்த வழிவகுக்கப்பட்டது. அதன்வழி 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அண்ணா எப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. 2006 நவம்பரில் வெளியான கொள்கை, மூன்றாண்டுச் சமுதாயப் பணியுடைய தொண்டு நிறுவனங்களுக்கும் இவ்வாய்ப்பை விரித்தது. தனிமனிதர், அரசியல் கட்சிகள், இலாபநோக்கு நிறுவனங்கள் ஆகியோர்க்கு உரிமம் இல்லை. அலைபரப்பின் திறன் பொதுவாக 100 வாட் அளவுக்குள்ளும் அலைக்கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்குள்ளும் அமைதல் வேண்டும். நிகழ்ச்சிகளுள் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாதல் வேண்டும்.

இவ்விதிகளுள் மக்களின் இடத்தைக் குறிக்கும் சொல் ‘பங்கேற்பு’ என்பதே. பங்கேற்பவர் விருந்தினராகலாம், கலைஞராகலாம், நிகழ்ச்சித் தயாரிப்பாளராகலாம், நாள்தோறும் நிலையத்தைத் திறந்து மூடுபவராகலாம். இந்நான்கு நிலைகளையும் ஒரு சொல் மூடிவிடுகிறது. பத்து நிமிடம் நேர்காணல் தந்த பெண்ணும், அந்நேர்காணலைப் பதிவுசெய்து, வெட்டி ஒட்டி, ஒலிபரப்பி, மறுநாளுக்கு ஆள்தேடும் பெண்ணும் கணக்கில் ‘பங்கேற்பாளர்’ என ஒன்றாகின்றனர். விழுக்காட்டுக் கணக்குக்கு இது போதும். உழைப்புக் கணக்குக்குப் போதாது.

2006ஆம் ஆண்டுக் கொள்கை செய்தியையும் நடப்பு அரசியலையும் விலக்கியமை மற்றொரு விளைவைத் தந்தது. பேச்சு வானொலியில் ஊதியத்திற்குரிய தொழில் என எளிதில் ஏற்கப்படும் பணி செய்தியாளர் பணியே. செய்தி விலக்கப்பட்டபோது அப்பணியிடம் தோன்றவே வழியற்றுப்போயிற்று. எஞ்சிய நலவாழ்வுப் பேச்சு, வேளாண் உரையாடல், நாட்டார் பாடல், தொலைபேசி வழிக் கலந்துரையாடல் ஆகியன ‘சேவை’ என்னும் பெயருக்கு இயல்பாகப் பொருந்தின.

செய்யுளியல் உறுப்புகள் தரும் ஆய்வுக்கருவி

தொல்காப்பியர் செய்யுளியலில் முப்பத்துநான்கு உறுப்புகளைக் கூறுகிறார். அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பன பேச்சு நிகழும் சூழலைச் சார்ந்தவை. செய்யுளுக்கு உரைக்கப்பட்ட இவ்வுறுப்புகளை வானொலிக்குப் பொருத்துவது ஒரு கருவியை இடம்மாற்றிப் பயன்கொள்ளும் முயற்சி மட்டுமே. தொல்காப்பியர் வானொலியை முன்னுணர்ந்தார் என்பது இதன் கருத்தன்று. எனினும் இக்கருவி ஒரு தெளிவைத் தருகிறது. பங்கேற்பு ஆய்வுகள் கூற்றை மட்டும் எண்ணுகின்றன. யார் பேசினார், எத்தனை பெண்கள் பேசினர், எவ்வளவு நேரம் பேசினர் என்பனவே அவற்றின் அளவைகள். கேட்போரும் களனும் காலமும் அமையாமல் கூற்று அமைவதில்லை. களனை அமைப்பதும் காலத்தைத் தவறாது காப்பதும் உழைப்பு.

ஆகவே சிறு வானொலியின் பணிகளைக் கூற்று உழைப்பு, களன் உழைப்பு என இரண்டாகப் பகுக்கலாம். தம் பட்டறிவை, பாடலை, கருத்தைச் சொல்ல ஒருவர் தரும் நேரம் கூற்று உழைப்பு. பதிவு, ஒலித்தொகுப்பு, நிகழ்ச்சி நிரல், கருவிப் பராமரிப்பு, ஒலிபரப்பு இயக்கம், கேட்போர் தொடர்பு ஆகியன களன் உழைப்பு. முன்னது எப்போதாவது நிகழ்வது. பின்னது அன்றாடம் நிகழ்ந்தே தீரவேண்டியது.

மூன்று களன்கள்

அண்ணா எப்.எம். பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்தது. இத்தகைய வளாக நிலையங்களில் களன் உழைப்பின் ஒரு பகுதியை ஊடகக் கல்வி பயிலும் மாணவர்கள் ஏற்க முடிகிறது. அவர்களுக்கு அது பயிற்சி; வேலைச்சந்தைக்குரிய சான்று. வளாகத்தை அடுத்த குடியிருப்புகளிலிருந்து வந்து பேசுபவர்க்கு அதே ஸ்டுடியோ அத்தகைய ஏணியாவதில்லை. ஒரே ஒலிபரப்பு நேரம் இருவருக்கு இருவேறு மதிப்புடையதாகிறது.

பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய கடல் ஓசை மீனவர்க்கான வானொலி. வானிலை, கடற்பாதுகாப்பு, மீன்வளம் ஆகியவை அதன் உள்ளடக்கத்தில் முதன்மை பெறுகின்றன. இங்குக் காலம் என்னும் உறுப்பு உயிரோடு தொடர்புடையது. புயலெச்சரிக்கை ஒருநாள் தாழ்ந்து ஒலித்தால் அதனால் பயனில்லை. விருப்பமுள்ளபோது வந்து, இயலாதபோது வராதிருக்கும் தன்னார்வ முறை இத்தகைய நிலையத்தைத் தாங்க இயலாது. பணியின் ஒழுங்கு கட்டாயமெனின், அதற்குரிய ஊதியமும் கட்டாயமாதல் வேண்டும்.

தெலங்கானாவின் பஸ்தாபூரில் 2008 அக்டோபர் 15 அன்று தொடங்கிய சங்கம் வானொலி, தக்காண வளர்ச்சிக் கழகத்தின் தலித் பெண் உழவர் சங்கங்களைச் சார்ந்தது. உரிமம் கிடைக்குமுன் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அப்பெண்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து, ஊர்ச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். அலைவரிசை இன்றியும் கூற்றும் கேட்போரும் களனும் அமைய முடியும் என்பதை இது காட்டுகிறது. கருவிகளை இயக்கியவர்களும் அச்சமூகப் பெண்களே என்பது இந்நிலையத்தின் தனிச்சிறப்பு. அதாவது கூற்று உழைப்பும் களன் உழைப்பும் ஒரே சமூகத்தின் கையில் இருந்தன. பின்னே நின்று தாங்கிய அமைப்பொன்று இருந்தமையால் இது இயன்றது என்பதையும் மறத்தலாகாது.

விளம்பர நேரமும் நிலையத்தின் வருவாயும்

கொள்கை தொடக்கத்தில் மணிக்கு 5 நிமிட விளம்பரத்தை இசைந்தது. பின்னர் அது 7 நிமிடமாகவும், 2024இல் 12 நிமிடமாகவும் உயர்ந்தது. அரசு விளம்பரத்திற்கான கட்டணம் பத்து நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாயிற்று. பழைய அளவில் ஒரு மணிநேரம் முழுதும் நிரம்பினால் 42 பத்துநொடிக் கூறுகள். வருவாய் 2,184 ரூபாய். புதிய அளவில் 72 கூறுகள். வருவாய் 5,328 ரூபாய். காகிதத்தில் இது இருமடங்கிற்கு மேற்பட்ட உயர்வு. ஆயின் இவை மேல்வரம்புகள். பத்துக் கிலோமீட்டர் அளவே எட்டும் நிலையத்திற்கு விளம்பரம் தருவோர் அச்சுற்றளவின் சிறுகடைக்காரர்களே. அரசு விளம்பரமோ நிலையத்தின் முயற்சியால் பெருகுவதன்று. எனவே உச்சவரம்பின் உயர்வு வேலைவாய்ப்பின் உயர்வாகத் தானே மாறிவிடாது.

இங்கு டல்லஸ் ஸ்மைத் 1977இல் முன்வைத்த கருத்து நினைக்கத்தக்கது. வணிக ஊடகம் விளம்பரதாரர்க்கு விற்பது கேட்போரின் கவனத்தையே என்பது அவர் வாதம். சமுதாய வானொலியில் இது மேலும் சிக்கலாகிறது. கேட்போரே பேசுவோரும் ஆவதால், அவர்கள் தம் கவனத்தோடு தம் உழைப்பையும் விலையின்றித் தருகின்றனர். விளம்பர நேரம் 12 நிமிடமாகும்போது அவ்வருவாயில் களன் உழைப்பாளர்க்குரிய பங்கு எவ்வளவு என்பதை விதி வரையறுத்தால்தான் அவ்வுயர்வு நீதியுடையதாகும்.

எதிர்வாதமும் விடையும்

ஊதியம் நுழைந்தால் சமுதாய வானொலி மற்றொரு வணிக நிலையமாகிவிடும், தொண்டுள்ளமே அதன் உயிர் என்பது வலுவான எதிர்வாதம். இதில் உண்மை உண்டு. தம் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசும் முதியவர்க்கு நிமிடக்கணக்கில் தொகை வழங்கினால் அப்பேச்சின் இயல்பு மாறக்கூடும். ஆனால் இவ்வாதம் பொருந்துவது கூற்று உழைப்புக்கு மட்டுமே. அதனைக் களன் உழைப்புக்கும் நீட்டும்போது பிழை நேர்கிறது. நாள்தோறும் ஊதியமின்றி வர இயல்பவர் யார்? குடும்பப் பொருளாதாரம் தாங்கும் நிலையிலுள்ளவர், அல்லது வேறு வேலை கிடைக்கும்வரை காத்திருப்பவர். அன்றாடக் கூலியை இழந்து வரவேண்டிய பெண்ணால் இது நெடுநாள் இயலாது. ஆகவே ஊதியமின்மை, கொள்கை எவரை உள்ளே அழைத்ததோ அவரையே மெல்ல வெளியேற்றுகிறது. தொண்டு என்னும் உயர்ந்த சொல் இவ்வெளியேற்றத்தைக் கண்ணுக்குப் புலப்படாமல் செய்கிறது.

வானொலி ஒருவழி வழங்கலிலிருந்து இருவழித் தொடர்பாக மாறவேண்டும் எனப் பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வலியுறுத்தினார். கேட்போரைப் பேசவைக்கும் அக்கனவைச் சமுதாய வானொலி ஓரளவு நிறைவேற்றியுள்ளது. பேசவந்தவர் தங்கியிருக்க வழியமைத்தல் அதன் அடுத்த படி.

அழியும் பேச்சு

ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்தல் வேண்டும் என்பது கொள்கையின் விதி. இது கண்காணிப்புக்கான கால அளவு, ஆவணக்காப்புக்கானதன்று. பழைய வானொலியின் எழுத்துப்படிகள் நூலாக எஞ்சின. சிறு வானொலியின் பேச்சோ பெரும்பாலும் எழுத்துப்படியற்றது. மூன்று மாதத்திற்குப்பின் அதனைக் காக்க விதியில்லை, காப்பதற்குரிய ஆளுமில்லை. களன் உழைப்பாளர் விலகும்போது கோப்புகளின் பெயர்களும் அடுக்குமுறையும் அவரோடு போய்விடுகின்றன. வட்டார வழக்கு, தொழிற்சொல், நாட்டார் பாடல் ஆகியவற்றின் அரிய தொகுதி இவ்வாறு இழக்கப்படுகிறது. ஆகவே வேலைவாய்ப்பு வினா மொழியாய்வாளர்க்கும் உரியதே.

முடிவுரை

சமுதாய வானொலியை மதிப்பிடப் பேசியோர் எண்ணிக்கையும் பங்கேற்பு விழுக்காடும் போதா. களன் உழைப்பை ஏற்போர் யார், அவர் எந்தச் சமூகத்தினர், எவ்வளவு காலம் நீடிக்கின்றனர், அவர்க்குக் கிடைப்பது யாது என்னும் வினாக்களும் அளவைகளாதல் வேண்டும். கூற்றுக்குத் தொண்டும் களனுக்கு ஊதியமும் என்னும் பாகுபாடு கொள்கையில் இடம்பெறின், விளம்பர வருவாயின் பயன்பாட்டுக்கு நெறி கிடைக்கும். தமிழ்த்துறைகள் தம் வட்டத்திலுள்ள நிலையங்களோடு இணைந்து மூன்று மாத எல்லைக்குமுன் ஒலிக்கோப்புகளைப் பெற்று அட்டவணைப்படுத்துதல் உடனடியாக இயலும் பணி. அப்பணிக்கு அமர்த்தப்படும் உள்ளூர் இளைஞர் ஒருவர்க்கு முறையான ஊதியம் வழங்கப்படுமாயின், இக்கட்டுரை பிரித்துக்காட்டிய ஒலிபரப்பு நேரமும் வேலையும் அந்த ஓரிடத்திலேனும் மீண்டும் இணையும்.